பாலத்தில் ஒதுங்க ஓர் இடம்

விழுப்புரம், 1958 ஐப்பசி, ஞாயிறு இரவு.

ஜங்ஷனைத் தாண்டியுள்ள ரயில் பாலத்தை, குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் நான் ஓடவிடும் பொம்மை ரயிலுக்காகத் தகரத்தில் செய்து இன்று முடித்தேன். ஆபீஸில் அந்தப் பாலத்தின் வரைபடத்தை வரைபவனே நான்தான். ஓர் ஆணிகூட விட்டுப்போகவில்லை என்று காலையிலிருந்து ஒரே கர்வம்.

சாயங்காலம் பச்சையம்மாள் வேகவைத்த மல்லாட்டைக் கடலை கொண்டுவந்தாள். அவள் புருஷன் கோவிந்தன் அந்தப் பாலத்தில் தண்டவாள வேலை செய்யும் கேங்மேன். அவள் பாலத்தின் பக்கம் போனதே இல்லை. தகரப் பாலத்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"சார், ரயிலு வந்தா இவரு எங்க ஒதுங்குவாரு? ஓரமா நிக்க மேடை இருக்குதுன்னு சொல்லிக்கினு இருப்பாரே?"

மேடை கிடையாது. நிஜப் பாலத்திலும் கிடையாது. ரயில் சத்தம் கேட்டால் கரைக்கு ஓட வேண்டியதுதான். இத்தனை தடவை வரைந்த எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றவில்லை.

"இன்னும் வேலை முடியலைம்மா, மேடையை இனிமேதான் வைக்கணும்" என்று புளுகினேன். அவள் முகம் தெளிந்தது.

விளக்கு வைத்த பிறகு கோவிந்தனே வந்தான். மேடை இல்லாததை அவளுக்குக் காட்டிவிட்டேன் என்று சண்டைக்கு வருகிறான் என நினைத்தேன்.

"நாளைக்கு மறுபடியும் பாக்க வர்றேன்னு சொல்லிக்கினு இருக்கா சார். மேடைய ஜல்தியா வெச்சிடுங்க. ரெண்டு ஆளு நிக்கிற மாதிரி வெச்சிடுங்க" என்றான்.

பிஸ்கட் டப்பா மூடியில் மேடையை அளவாக வெட்டிவிட்டேன். கால் மணி நேர வேலை. நிஜப் பாலத்துக்கு ஒரு மேடை வேண்டுமென்று ஆபீஸில் இதுவரை ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை நான். வெட்டிய தகரத்தைப் பாலத்தோடு ஈயம் வைத்துப் பற்றவைக்க மனம் வரவில்லை.