இடது ஓரம் கடிபட்ட ஆமை

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நம் படத்தைப் போட்டு நீ அனுப்பிய பென்டிரைவ் சரக்குப் படகில் பத்திரமாக வந்து சேர்ந்தது. தீவில் இன்னும் சிக்னல் இல்லை. திட்டுவதென்றாலும் எழுதித்தான் திட்ட வேண்டும்.

முதலில் பாராட்டு. தண்ணீரைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்கிறவன் நீ. நான் எடுத்த கடல் காட்சிகளை எப்படி வெட்டி ஒட்டியிருக்கிறாய்! எனக்கே புல்லரித்தது. மீன்கூட்டம் திரும்பும்போது ஒரு சத்தம் வருகிறதே, அது குளியல் தொட்டியில் ரப்பர் கையுறையை ஆட்டி எடுத்ததுதானே? உன் மனைவி இன்னும் உன்னை வீட்டில் வைத்திருப்பது ஆச்சரியம்தான்.

இனி திட்டு. முப்பத்தெட்டாவது நிமிஷத்தில், வலையில் சிக்கிய ஆமை விடுபட்டு நீந்திப் போகிறது. அது அந்த ஆமையே இல்லை. போன மாதம் நான் எடுத்த வேறொருத்தி. அவளுக்கு ஓட்டின் இடது ஓரம் கடிபட்டிருக்கும். நீ காட்சியை இடவலமாகத் திருப்பிப் போட்டதில் வலது ஓரம் கடிபட்டவளாகப் போகிறாள். வலையில் சிக்கியது செத்துவிட்டது என்று எழுதியிருந்தேனே?

28ஆம் தேதி இங்குள்ள மீனவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டுகிறோம். ஆமைகள் முட்டையிட வரும் மூன்று மாதம் இந்த விரிகுடாவில் வலை போடுவதில்லை என்று அவர்கள் கை தூக்க வேண்டும். இரண்டு வருஷம் நான் உப்புத் தண்ணீர் குடித்தது அதற்காகத்தான். கடிபட்டவளைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். அவர்கள் காதில் பூ சுற்ற முடியாது. ஒரு காட்சி பொய் என்றால் மீதியையும் நம்ப மாட்டார்கள். மாற்றி அனுப்பு.

கோபத்தோடும் அன்போடும்,
அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

கைதவறித் திருப்பிப் போட்டேன் என்று சாக்குச் சொல்லலாம். உன்னிடம் பலிக்காது. அவளை அடையாளம் தெரியக் கூடாதென்று தெரிந்தேதான் செய்தேன்.

நீ குறிப்பேட்டில் ‘கழிவு’ என்று எழுதியிருந்த ஏழாவது டிஸ்கை முழுசாகப் பார்த்தேன். எடிட்டர்கள் கழிவைத்தான் முதலில் பார்ப்போம். ஒளித்துவைத்ததெல்லாம் அங்கேதான் இருக்கும். வலைக்குள் ஆமை துடிக்கிறது. நான்கு நிமிஷம் கேமரா அசையவே இல்லை. அப்புறம் கேமரா கடலடி மணலில் விழுகிறது. உன் காலும், கத்தி பிடித்த கையும் மட்டும் தெரிகின்றன. நீ வலையை அறுத்து முடிக்கும்போது அது துடிப்பதை நிறுத்தியிருந்தது.

அந்தச் சாவைக் காட்டினால், நான்கு நிமிஷம் அங்கே நின்று படம் எடுத்தது யார் என்று கேட்பார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் உன்னைக் கிழிப்பார்கள். என் அக்காவைக் கிழிக்க நான் விட மாட்டேன். அதனால் ஓர் ஆமைக்கு உயிர் கொடுத்தேன். தப்பென்றால் தப்புத்தான்.

தொட்டியில் இடித்துக்கொண்டு முழங்கால் வீங்கியிருக்கிறது. என் மனைவி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உன் தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பி,

உன் கடிதத்தைப் படகுத்துறையில் நின்றபடியே படித்தேன். அழுதேன். கண்ணில் மணல் என்று படகோட்டியிடம் புளுகினேன்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: கேமரா பிடிப்பவர் குறுக்கே போகக் கூடாது. சுறா எதைத் தின்றாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இருபது வருஷப் பழக்கம் அன்றைக்கு என் கையைக் கட்டிப் போட்டுவிட்டது. வலை கடலில் முளைத்ததில்லை, மனிதர் போட்டது என்பது நான்கு நிமிஷம் கழித்துத்தான் இந்த மண்டையில் ஏறியது. அதற்குள் ஆமைக்கு மூச்சு முட்டிவிட்டது. தினமும் அது நினைவுக்கு வருகிறது. கழிவு என்று எழுதி மூடியது என் கோழைத்தனம். உன் பொய்யைத் திட்டினேனே, தொடங்கி வைத்தவள் நான்தான்.

நான்கு நிமிஷத்தையும் வெட்டாமல் போடு. மணலில் கிடந்த கேமரா பிடித்ததையும் போடு. சத்தம் எதுவும் சேர்க்காதே. கையுறைக்கும் முழங்காலுக்கும் ஓய்வு கொடு. யார் கிழித்தாலும் நான் தைத்துக்கொள்வேன்.

அக்கா

மார்ச் 21

அன்பு அக்கா,

போட்டுவிட்டேன். ஓட்டிக் காட்டியபோது என் மேலதிகாரி இரண்டாவது நிமிஷத்தில், “இது எப்பய்யா முடியும்?” என்றார். மூன்றாவது நிமிஷத்தில் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நீ பயப்பட மாட்டாய். உனக்கும் சேர்த்து நான் பயந்துகொண்டிருக்கிறேன்.

தம்பி

மார்ச் 29

என் அருமைத் தம்பிக்கு,

நேற்று மீன் ஏலக் கூடத்தில், ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடிவிட்டுப் படத்தை ஓட்டினோம். உட்கார இடமில்லாமல் கூட்டம்.

அந்த இடம் வந்தது. இரண்டாவது நிமிஷத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: “பக்கத்துல போங்கம்மா!” அப்புறம் இன்னொருவர்: “கத்தி இல்லையா? அறுங்க!” மூன்றாவது நிமிஷத்தில் கூடம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. அவர்கள் போட்ட வலையை அறுக்கச் சொல்லி அவர்களே கத்தினார்கள், தம்பி! என் கை திரையில் தெரிந்ததும் கைதட்டினார்கள். ஆமை அசையாமல் கிடந்ததும் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள்.

மீன் தரம் பிரிக்கும் ஓர் அம்மா என்னைப் பார்த்து, “நாலு நிமிஷம் நிக்க எப்படிம்மா மனசு வந்துச்சு?” என்று கேட்டார். “தப்புப் பண்ணிட்டேன்” என்றேன்.

அப்போது ஒரு படகுக்காரர் எழுந்தார். “அது என் வலை. மிதவையில நான் கட்டின சிவப்புத் துணி தெரியுது. இவங்களாவது நாலு நிமிஷத்துல அறுத்தாங்க. ரெண்டு நாளா அந்தப் பக்கமே போகாதவன் நான்” என்று சொல்லிக் கையைத் தூக்கினார். ஆறு பேரைத் தவிர மற்ற எல்லாரும் தூக்கினார்கள். மூன்று மாதம் இந்த விரிகுடாவில் வலை இல்லை.

இன்று காலையில் கடிபட்டவளைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் படமெடுத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு டிஸ்கில் வருகிறது. இடது ஓரம். திருப்பிப் போட்டால் கையை உடைப்பேன்.

நீ வந்து அவளை நேரில் பார். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் போதும், பக்கத்திலேயே வருவாள். கேமராவைக் கரையில் வைத்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் அக்கா