இடுப்புப் பட்டிக்குள் விட்ட துணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

முதலில் உன்னிடம் மறைத்த ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் நச்சரித்து என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாயே, அன்று நர்சம்மா என் இடுப்பில் டேப்பைச் சுற்றி நாற்பத்திரண்டு என்றார். முப்பது வருஷமாக ஊருக்கே அளவெடுப்பவன் விடுவேனா? உங்க டேப் பழசும்மா, என் இடுப்பு முப்பத்தாறுதான் என்று சொல்லி, என் கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அதில் நாற்பத்து மூன்று. அவர் டேப் இழுபட்டு ஓர் இஞ்ச் குறைத்துக் காட்டியிருக்கிறது. வரிசையில் இருந்தவர்கள் நோயை மறந்து சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என் பேண்ட்டைப் புரட்டினாள். குட்டு உடைந்தது. எனக்குத் தைக்கும்போது மட்டும் இடுப்புப் பட்டிக்குள் நாலு விரல் துணி கூடுதலாக விடுவேன். பேண்ட் பிடித்தால், மத்தியானம் கடையிலேயே பிரித்து பக்கத்துக்கு அரை இஞ்ச் விட்டு மறுபடி ஓட்டிவிடுவேன். ஐந்து நிமிஷ வேலை. ஊரில் மற்றவர்களுக்குப் பொத்தான் போட முடியாமல் பேண்ட்டே புத்தி சொல்லும். என் பேண்ட் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. உள்ளே ஏழு பழைய தையல் தடம். உன் அம்மா விரலால் எண்ணிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஏங்க, துணியில இடம் விட்டீங்க சரி, நெஞ்சுக்குள்ள யாரு இடம் விடுவா?”

டாக்டர் சொன்னதை உனக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். ரத்த அழுத்தமும் கொழுப்பும் அதிகம். எனக்கு ஐம்பத்து மூன்று; உன் பெரியப்பா ஐம்பத்து நாலில் இதே கடையில், பக்கத்து மிஷினில் சாய்ந்தவர். வாயுதான் என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாரே என்று பெரியம்மா இன்னும் புலம்புகிறார். அண்ணன் போன வழி உங்களுக்கும் திறந்துதான் இருக்கு, சாப்பாட்டை மாத்தி, தினம் நடந்து, மாத்திரையும் போட்டா அடைக்கப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அடைக்கத்தான் பார்த்தேன், கண்ணு. உப்பு டப்பா என் கைக்கு எட்டாத அலமாரிக்குப் போனது. தட்டில் பாதிக்குக் காய். மாடு பார்த்தால் பங்கு கேட்கும். நாலு மணி டீயோடு வாங்கும் பொரித்ததை நிறுத்தினேன். நான் வேறு கடைக்குப் போய்விட்டதாக நினைத்து டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலையில் உன் அம்மாவோடு முக்கால் மணி நேரம் நடை. இடுப்பு நாற்பதுக்கு வந்துவிட்டது. என் டேப்பில்தான்.

ஆனால் மூன்று வாரமாக, காலை நடையில் பாலம் ஏறும்போது நடு நெஞ்சில் யாரோ இறுக்கிப் பிடித்துத் தைப்பது போல இருக்கிறது. இடது தோள் வரை போகும். நின்றால் விட்டுவிடும். அதனால் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று குனிந்துகொள்வேன். தையல்காரருக்கு ஒரு முடிச்சு போட இவ்வளவு நேரமா என்று உன் அம்மா கேலி செய்வாள். நானும் சிரிப்பேன்.

இன்று காலை மறுபரிசோதனை. டாக்டர் எடையைப் பார்த்துப் பாராட்டினார். உன் அம்மா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் தாய் போல உட்கார்ந்திருந்தாள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கொஞ்சம் வாயு, அவ்வளவுதான் என்றேன்.

என் பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தைக்க வேண்டும் என்று அம்மா வீட்டுக்குப் போனாள். நான் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினேன். மறுபடியும் பிடித்தது. இந்தத் தடவை உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. நர்சம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இம்முறை சிரிக்கவில்லை.

“ஒரு அடி நடக்காதீங்க. உட்கார்ந்த இடத்துலயே இருங்க, வண்டி வருது.”

எதிர்க்கடை இஸ்திரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதாதே என்று திட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது வலி இல்லை. பயப்படாதே.

நீ ஒன்று செய்ய வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டு நிதானமாகச் சொல். ஷூ கயிறு ஒருநாளும் அவிழவில்லை என்று சொல். தினம் நடக்க வைத்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று தன்னையே நொந்துகொள்வாள். நடக்காமல் இருந்திருந்தால் அந்தப் பாலம் எனக்குச் சொல்லியே இருக்காது என்று எடுத்துச் சொல். நீயும் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். துணி இறுகினால் அளவு மாற்றி வாங்காதே; எழுந்து நட. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா.

வண்டி இன்னும் வரவில்லை. தாளில் இடம் இருக்கிறது. ஒன்பது வருஷமாக யாரிடமும், உன் அம்மாவிடம்கூட, சொல்லாதது ஒன்று உண்டு. அன்று பெரியப்பா மிஷினை நிறுத்திவிட்டு, தம்பி, நெஞ்சு என்னவோ பண்ணுது, ஆஸ்பத்திரிக்குப் போலாமா என்று கேட்டார். வாயு என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுத்தது நான்தான்.