அப்பாவுக்குப் புரையேறிய காரணம்

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
19.8.2003

அன்புள்ள மகன் நாகேஷுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் தயவில் நீ மஸ்கட்டில் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை, வயிறு எரிகிறது.

சாப்பிட உட்கார்ந்தால் அப்பாவுக்குப் புரையேறுகிறது என்று பொங்கலுக்கே எழுதியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் உச்சந்தலையில் தட்டி, நாகேஷ்தான் நினைக்கிறான் என்பேன், அவரும் கண்ணில் தண்ணீர் வழியச் சிரிப்பார். பக்கத்து வீட்டு அல்போன்சாவிடம்கூட, சோத்துல கை வச்சா போதும், எம்புள்ள என்னை நினைச்சுக்கிறான் என்று பெருமையடித்தார். அது நீ இல்லையாம். ஆறு வருடம் முன்பு கழுத்து எலும்பில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்களே, அதில் ஒரு ஸ்க்ரூ கழன்று முன்னால் வந்து சாப்பாட்டுக் குழாயை அழுத்துகிறதாம்.

பிளேட் வைத்த அந்தப் பெரிய டாக்டரிடமே இரண்டு முறை போனோம். இட்லிகூட இறங்கவில்லை, கஞ்சிதான் குடிக்கிறார் என்று நான் சொல்லச் சொல்ல, அந்த மனுஷன் கழுத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. வயசாய்த்தல்லா, வயசானா இப்படித்தான், மெதுவா சாப்பிடட்டும், இத்தனை வருஷம் கழிச்சு பிளேட் ஒண்ணும் பண்ணாது என்று அனுப்பிவிட்டார். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க என்ன கேடு. கார்ப்பரேஷனில் துடைப்பம் பிடித்தவர் கழுத்து என்றால் அவ்வளவு இளக்காரமா. உன் அக்கா ஷோபாதான் பிடிவாதமாக வேறு ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இன்னும் விட்டால் குழாய் கிழிந்து உயிருக்கே ஆபத்து என்றார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன், பிளேட்டையும் ஸ்க்ரூவையும் எடுத்துவிடுவார்கள்.

உன் அப்பா என்னடாவென்றால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். அதை எடுத்துட்டா அவன் நினைக்கிறது எனக்கு எப்படிடீ தெரியும் என்று கேட்கிறார். எனக்கு அவர் மேலும் ஆத்திரம், உன் மேல் அதைவிட. ஆடி பிறந்ததிலிருந்து உன் போன் இல்லை, நாங்கள் போட்டாலும் உன் கம்பெனியில் யாரோ எடுத்து வைத்துவிடுகிறான். அதனால்தான் லீவில் வந்து நாளை மஸ்கட்டுக்குத் திரும்பும் கணேசமூர்த்தியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். வியாழக்கிழமைக்குள் அல்போன்சா வீட்டு நம்பருக்குப் போன் பண்ணி அப்பாவிடம் பேசு. இனிமேல் அவருக்குப் புரையேறாது, நினைத்தால் வாயைத் திறந்து சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
சந்திரம்மா