கதவு கழற்றிய கடைகள்

உ
சிவமயம்

காரைக்குடி
பிரஜோற்பத்தி வருஷம், ஆவணி மாதம்

கடல் தாண்டிப் பெகுவில் இருக்கும் சிரஞ்சீவி தேனப்பனுக்கு ஆத்தா சிகப்பி எழுதுவது. இங்கே நானும் உன் பெண்டாட்டி நாகம்மையும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கக் கொப்புடையம்மாள் துணை. சின்னவளுக்கு இருமல் நின்றுவிட்டது. நல்ல சேதி இவ்வளவுதான், மற்றதெல்லாம் கோபம், உட்கார்ந்து படி.

நம் கடைவரிசையை இடித்து மாடி வைத்துக் கட்டவேண்டும், ஆடி பிறந்தால் கை வைக்கக்கூடாது, ஆனியிலேயே வாடகைக்கு இருக்கிற ஆட்களை எழுப்பிக் கதவைக் கழற்றிவிடுங்கள் என்று தந்தி அடித்தாய். கடன் பேசி முடித்தாயா என்று கேட்டு எழுதினேன். வட்டிக்குக் கொடுக்கிற மேலவீதி முத்துராமனிடம் சொல்லியாகிவிட்டது, நம் கடையைக் காட்டினால் எவனும் கொடுப்பான் என்றாய். நானும் நாள் தவறக்கூடாதே என்று எல்லாரையும் எழுப்பினேன். நல்ல நாள் பார்த்தோம், கடனை எழுதி வாங்கினோமா? ஆடியில் முத்துராமன் வந்து பார்க்கும்போது தெற்குப் பாதி இடிந்து கிடக்கிறது, வடக்குப் பாதியில் கதவில்லாத கடைகளுக்குள் ஆடு படுத்திருக்கிறது. ஆச்சி, ஆள் இருந்தா வாடகையைப் பாத்துக் குடுப்பேன், இது கடையா செங்கக் குவியலா, மனைக்கு மட்டுந்தேன் மதிப்புப் போடலாம், அதையும் சுவரு எந்திரிக்க எந்திரிக்கக் கொஞ்சங்கொஞ்சமாத்தேன் தருவேன் என்றான். சித்திரையில் இதே வரிசையைப் பார்த்து வாயூறினவன் நீதானே என்றேன். அப்ப ஆள் இருந்துச்சு ஆச்சி, கட்டி முடிச்சு ஆளும் வந்தபெறகு வாங்க, தாராளமாத் தாரேன் என்கிறான். அதற்கப்புறம் உன் பணம் எனக்கு எதற்கு, விளக்குக்குத் திரி போடவா என்று கேட்டேன். பல்லைக் காட்டிவிட்டு, அப்பக் குடியிருக்கிற வீட்டையும் சேத்து ஈடு எழுதுங்க, முழுசாத் தாரேன் என்றான்.

அவன் வட்டிக்காரன், கேட்பான். நீ சரியென்று தலையாட்டி, என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பத்திரம் அனுப்பியிருக்கிறாயே, உனக்கு என்ன வந்தது? இந்த வீட்டில் உனக்கு ஓர் அறை என்றால் உன் தம்பி சோமுவுக்கும் ஓர் அறை இருக்கிறது. நாளைக்கு அவன் பிள்ளைகளை எந்தத் தெருவில் நிறுத்தச் சொல்கிறாய்? விதைக்காத வயலை ஈடு வாங்கி நான் கடன் கொடுக்கமாட்டேன் ஆத்தா என்று பெகு வட்டிக்கடையிலிருந்து பெருமையாக எழுதினவன் நீதான். அந்தப் புத்தி நம் கடைக்குக் கதவு கழற்றச் சொல்லும்போது எங்குட்டுப் போனது? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு விளங்குவது உனக்கு விளங்கவில்லை.

இனி நான் செய்ததைக் கேள். கோடிக் கடையில் கயிறும் வாளியும் விற்ற கோட்டைச்சாமி, நாம் எழுப்பிவிட்டதிலிருந்து மானகிரிப் பாதையில் கீற்றுக்கொட்டகையில் கிடக்கிறான். வண்டியை விட்டு இறங்கி வெயிலில் நின்று திரும்பி வரச்சொல்லிக் கேட்டேன். போங்கண்டு சொன்ன வாயிலயே வாங்கண்டும் சொல்லுறீக, நாங்க என்ன ஆச்சி கோயில் தேரா, இழுத்த பக்கமெல்லாம் வாரதுக்கு என்றான். உன் அப்பச்சி கையைப் பிடித்து வந்த நாளிலிருந்து நான் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. உன்னால் நின்றேன். கேலியையும் வாங்கிக்கொண்டேன். வடக்குப் பாதிக்குக் கதவை மாட்டியாகிவிட்டது. கட்டி முடிகிற வரைக்கும் பாதி வாடகை போதும் என்றதும் அவனும் வெற்றிலைக்கடை வைத்திருந்த அழகுவும் வந்துவிட்டார்கள். அதை வைத்தே தெற்குப் பாதியை ஒவ்வொரு கடையாக எழுப்புவோம். மாடி வேண்டாம். வருஷம் ஆனால் ஆகட்டும்.

போன வெள்ளிக்கிழமை முத்துராமன் மறுபடி வந்தான். இப்பத்தேன் ஆள் வந்துருச்சே ஆச்சி, வீட்டை விட்டுருவோம், கடையை மட்டும் வச்சுப் பேசுவமா என்றான். ஆளில்லாதபோது உன்னைத் தேடினேன், இப்போது ஆள் இருக்கிறது, நீ எதற்கு என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நீ அனுப்பிய பத்திரம் என் கையெழுத்து இல்லாமல் இதோடு வருகிறது. கழற்றும்போது இரண்டு கதவு பிளந்துபோயிற்று, அங்கே தேக்கு மலிவென்று சொல்வாயே, கப்பலில் இரண்டு கதவு போட்டு அனுப்பு. தந்தி வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளி, நேரத்துக்குச் சாப்பிடு. கோபம் கோபமாக இருந்தாலும், நீ தீர்க்காயுசாக இருந்து இந்த வீட்டு வாசல் வழியாகவே உள்ளே வரவேண்டும்.

ஆசீர்வாதத்துடன்
உன் ஆத்தா
சிகப்பி