காருக்கு அடியில் ஒரு டயர்

புக்கிட் பெலிம்பிங்
12.8.1984

அன்புள்ள இராஜம்மாவுக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? அத்தையின் கால்வலி எப்படி?

நேற்று ஆபீஸ் கிராணியின் காரில் தோட்டத்து ஆஸ்பத்திரித் தாதி சரோஜினியை ஏற்றி வரும்போது டயர் பஞ்சர். ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினேன். தாதி அதட்டினார்.

"ஸ்பேர் டயர அடியில தள்ளிட்டு அப்புறம் கழட்டுங்கண்ணே. மண்ணு ஈரம் லா!"

சிரித்துக்கொண்டே தள்ளினேன். சக்கரத்தைக் கழற்றியதும் ஜாக்கி சரிந்து, கார் அந்த டயர் மேல் உட்கார்ந்தது. என் கை காருக்கு அடியில்தான் இருந்தது. ஒரு கீறலும் இல்லை, பயப்படாதே. பிறகு ஜாக்கிக்குப் பலகை போட்டதும் அவர்தான். பத்து வருஷம் வண்டி ஓட்டிய எனக்கு இந்தப் புத்தி வரவில்லையே!

கிரீஸ் துடைக்கத் துணி இல்லை. உன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. கிராணி ஹார்ன் அடிக்கிறார், முடிக்கிறேன்.

கார்த்திகேசு

துணியைத் துவைத்து அனுப்பாதே. நீ கட்டியபடியே இருக்கட்டும்.