கால் அரியலூருக்கு, வயிறு பெரம்பலூருக்கு

ஒருநாளும் நான் பெயர் சொல்லி அழைக்காத என் அன்பானவருக்கு,

குடலில் ரத்தப்போக்கு நிற்காமல் நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன். கோபம்தான் முடியவில்லை.

பெருவிரல் வீங்கியபோது அரியலூர் டாக்டர் யூரிக் ஆசிட் அதிகம் என்றார். கறியை நிறுத்தினேன். வலி மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தேன். வயிற்றுக்குப் பெரம்பலூர் டாக்டர். அவர் குடல் அழற்சி என்றார். நான்தான் இரண்டு ஃபைல் போட்டு, 'கால்', 'வயிறு' என்று அழகாக எழுதி ஒட்டினேன். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் பழக்கிய ஒழுங்கு. ஒருநாளும் ஃபைலை மாற்றி எடுத்துப்போனதில்லை என்று பெருமை வேறு!

ஒருமுறை அரியலூரில் வயிற்றைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "கால பத்தி மட்டும் சொல்லுங்கம்மா" என்றார் அந்த டாக்டர். நீங்களோ என் கையைக் கிள்ளினீர்கள். "நர்சம்மா நிக்கிறாங்க. கக்கூஸ் பேச்சு இங்க எதுக்கு?" பெரம்பலூரில் நீங்கள் என்னை டாக்டர் அறைக்குள்ளேயே விடவில்லை. நான் ஏன் அடங்கிப் போனேன்?

இப்போது நம் பிரபுவுக்கும் பெருவிரல் வீங்கியிருக்கிறது. காலைப் பலகாரத்துக்கு முன்பே நான்கு முறை உள்ளே போய் வருகிறான். கழிவறையில் ரத்தத்தையும் பார்த்துவிட்டேன். கேட்டால், "ஓட்டல் சாப்பாடும்மா." உங்கள் குரலேதான்.

திருச்சிக்கு இழுத்துப்போனேன். சின்னப்பெண் போலிருந்த டாக்டர், காலைப் பார்த்துவிட்டு, "வயிறு எப்படி சார்?" என்றார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் டாக்டர்."

"பொய். ரத்தம் போகுது" என்றேன்.

"அம்மா! மானத்த வாங்குறீங்களே."

"உங்கப்பாவும் மானத்தக் காப்பாத்திக்கிட்டுத்தான்டா போய்ச் சேந்தாரு."

குடல் அழற்சி உள்ளவர்களில் சிலருக்கு யூரிக் ஆசிட் கூடுதலாக இருப்பதுண்டாம். எது எதனால் என்று இன்னும் உறுதியாகத் தெரியாதாம். ஆனால் காலுக்குத் தரும் சில வலி மாத்திரைகள் குடல் புண்ணைக் கிளறிவிடுமாம். "ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும்மா" என்றார்.

இவ்வளவுதான். இதை உங்களுக்குச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. கேட்க உங்களுக்கு வாயில்லை. வேளை தவறாமல் நான் கையில் வைத்துக் கொடுத்தேனே, அந்த மாத்திரைதானா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

வியாழக்கிழமை அவனுக்குக் குடலில் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். "அசிங்கமா இருக்கும்மா, வேணாம்" என்கிறான். நாற்பத்தைந்து வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப்போவேன். எத்தனை முறை போனான், என்ன நிறத்தில் போனது என்று அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் காதிலும் விழச் சொல்வேன். காத்திருக்காதீர்கள். இவனை உங்களிடம் அனுப்பமாட்டேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் மனைவி