அணை நிறைந்த குளிர்காலம்

நவம்பர் 9, ஞாயிறு

மழை. நிஜமான மழை. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தகரக் கூரையில் யாரோ கல்லெறிகிறார்கள் என்று நினைத்து வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் திட்டவே ஆரம்பித்துவிட்டேன். மூக்கில் ஒரு துளி விழுந்த பிறகுதான் வாயை மூடினேன்.

ஊரே குலவை போட்டது. என் வீட்டுக்காரர் பாஸூ முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றார். பல் போன அந்த வாயைத் திறந்து அவர் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று! யாம்னா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "தூடாக்கா, செத்த பூமிக்கு உசுரு வந்திருச்சு, வெளிய வாங்க, நனைங்க"ன்னு கத்தினாள். நானும் நனைந்தேன். மாவுக் கையோடு.

உள்ளே வந்து தலை துவட்டும்போதுதான் யெத்திர் ஞாபகம் வந்தது. அவன் கீழே இருக்கிறான். அணைக்குள்.

நவம்பர் 14, வெள்ளி

ஐந்து நாளாக விட்டுவிட்டுப் பெய்கிறது. மத்தியானம் கூஸ்கூஸ் சாப்பிடும்போது பாஸூவிடம் கேட்டேன்.

"தண்ணி ஏறினா நம்ம புள்ள என்ன ஆவான்?"

"ஒரு மழைக்கா? அணை அடி காஞ்சு கெடக்கு தூடா. இந்த மழை அது தொண்டையக்கூட நனைக்காது."

மூன்று வருஷம் முன்பும் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். பட்டணத்தில் சாரத்திலிருந்து விழுந்த பிள்ளையைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கியபோது, மேலே நாம் புதைக்கும் மையவாடியில் மண் இல்லை, வெறும் பாறைதான் இருந்தது. பஞ்சம் மண்ணைச் சுட்ட செங்கல்லாக்கிவிட்டது. கடப்பாரை வளைந்தது. அப்போதுதான் பாஸூவின் தம்பி மூஹா சொன்னான்: "பழைய ஊர் மையவாடி வெளிய வந்திருக்கே, அங்க வண்டல் வெண்ணெய் மாதிரி இருக்கு. தாத்தா பக்கத்துலயே வெச்சிருவோம்." அணை கட்டியபோது முங்கிப்போன பழைய ஊர், தண்ணீர் வற்றிச் சுவரும் கல்லுமாக வெளியே வந்திருந்தது. தண்ணீர் திரும்பி வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இமாமுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். மண் மெத்தென்று இருக்கிறதே, என் பிள்ளைக்கு வலிக்காது என்று நினைத்தேன்.

அவனுக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால்தான் 'வாழட்டும்' என்று அர்த்தம் வரும்படி அவனுக்கு யெத்திர் என்று பேர் வைத்தோம்.

நவம்பர் 22, சனி

மழை. பாஸூ பார்லி விதை வாங்கி வந்துவிட்டார். மூட்டையைத் தடவித் தடவிப் பார்க்கிறார்.

டிசம்பர் 3, புதன்

கீழே போய் வந்தேன். தனியாகத்தான். செருப்பை மண் பிடுங்கிக்கொண்டது.

போகும்போது பழக்க தோஷத்தில் ஒரு புட்டித் தண்ணீர் எடுத்துப் போயிருக்கிறேன்! பஞ்சத்தில் ஒவ்வொரு வியாழனும் ஊற்றிலிருந்து சுமந்து போய் அவன் அடங்கிய கபுரில் ஊற்றுவேன். குடிக்க இல்லாத நாளில்கூட ஊற்றினேன். அங்கே போய் நின்று புட்டியைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மூடியைத் திறக்காமலே கொண்டுவந்துவிட்டேன்.

தண்ணீர் பழைய மாவரைக்கும் ஆலையின் சுவரைத் தொட்டுவிட்டது. அங்கிருந்து மையவாடி எவ்வளவு தூரம்? கூப்பிட்டால் கேட்கும்.

டிசம்பர் 7, ஞாயிறு

இமாம் சி அலாலைப் பார்த்தேன். அவனை எடுத்து மேலே கொண்டுவந்துவிடலாம் என்றேன். மனுஷர் நல்லவர், ஆனால் எதற்கும் ஒரு ஆமா, ஒரு இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு.

"மண்ணுக்குக் கொடுத்ததத் தொடறது லேசுப்பட்ட காரியமில்ல தாயி. வேற வழியே இல்லேன்னாதான் கபுரத் தெறக்கலாம். தண்ணி வந்து சேரட்டும், அப்ப அது நிர்ப்பந்தம் ஆயிரும்."

"தண்ணி வந்து சேர்ந்த பொறவு எப்படித் தெறக்குறது இமாம்? முங்கியா?"

கபுரைத் திறக்க அதிகாரியிடம் தானே போய் அனுமதி கேட்பதாகச் சொன்னார். வெளியே வரும்போது பள்ளிவாசலில் மழைக்கு நன்றி சொல்லித் தொழுகை நடத்தப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வருஷம் மழை கேட்டுத் தொழுதபோது நானும்தான் அழுது கையேந்தினேன். இப்போது நன்றி சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அல்லா, என்னைப் பிடித்துக்கொள்ளாதே.

டிசம்பர் 19, வெள்ளி

அதிகாரி சரி என்று சொல்லிவிட்டார். ஆள்தான் இல்லை. ஊரில் ஒரு ஆண்பிள்ளை வீட்டில் இல்லை, எல்லாரும் உழவில். மூஹாவின் கோவேறு கழுதை மூன்று வீட்டு நிலத்துக்கு முறைபோட்டு உழுகிறது.

"வெத மண்ணுல விழுந்துரட்டும் மதினி. இந்த ஈரம் போச்சுன்னா இன்னொரு ஏழு வருஷத்துக்குக் கெடைக்குமோ கெடைக்காதோ. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம்."

"ஒங்க விதைய விட எம் மகன் கம்மியாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். யெத்திரைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அவனைக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் பாஸூ? பெற்ற அப்பன்? அவரும் விதைக் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த மனுஷனுக்கு நெஞ்சுக்குள் பார்லி மூட்டைதான் இருக்கிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

நிற்கவில்லை. கூரையில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ஒழுகட்டும்.

டிசம்பர் 28, ஞாயிறு

போனோம். எழுத முடியுமா தெரியவில்லை. எழுதுகிறேன்.

பாஸூ, மூஹா, இமாம், இன்னும் இரண்டு பேர், கோவேறு கழுதை. கழுதை முதுகில் பலகை. என் மடியில் அவனைச் சுற்றப் புதுக் கபன் துணி. பெண்பிள்ளை வரக் கூடாது என்று ஒருவர் சொன்னார், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீர் இன்னும் வந்திருக்கவில்லை. ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். ஆனால் வெண்ணெய் மாதிரி என்று சொன்னார்களே அந்த வண்டல் — சேறு. கழுதை வயிறு வரைக்கும் புதைந்து அலறியது. அதை இழுத்து எடுக்கவே பாதி நாள். பலகையைச் சேற்றில் போட்டு அதன்மேல் நடந்து கபுர் வரை போனோம். இமாம் ஃபாத்திஹா ஓதினார். மூஹா மண்வெட்டியைப் போட்டான்.

ஒரு வெட்டு எடுத்தால் இரண்டு வெட்டுச் சேறு உள்ளே வழிகிறது. இமாம் தவிர நான்கு பேரும் மாறிமாறித் தோண்டினார்கள். குழி ஆகவே இல்லை. பக்கத்துக் கபுரும் சேர்ந்து சரிய ஆரம்பித்தது, அது பாஸூவின் தாத்தா. பாஸூதான் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"போதும்."

"போதுமா? என்ன மனுசன்யா நீ? கையாலாகாதவனே, தள்ளு, நான் தோண்டுறேன்!"

"தோண்டத் தோண்ட மூடுது தூடா. அவன அரையும் கொறையுமாவா எடுக்கணும்? மண்வெட்டி அவன் மேல படணுமா?"

நான் கையால் தோண்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூஹா என்னைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான்.

கபன் துணி சேறாகிவிட்டது. துவைத்துக் காயப் போட்டேன். இந்த மழையில் எங்கே காயும்!

ஜனவரி 6, செவ்வாய்

மேட்டிலிருந்து பார்த்தேன். தண்ணீர் மையவாடிக்குள் வந்துவிட்டது. தலைமாட்டுக் கல் தெரிகிறது.

ஜனவரி 8, வியாழன்

கல் தெரியவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

மழை கொஞ்சம் விட்டால் மலையில் பனி. பனி உருகினால் அதுவும் அணைக்குத்தான். பேஞ்சும் கெடுத்தது, காஞ்சும் கெடுத்தது என்பார்கள். எங்களை இரண்டும் வரிசையாகக் கெடுத்தன.

இன்று ஊரில் விருந்து. அணை பாதிக்கு மேல் நிறைந்துவிட்டதாம், வானொலியில் சொன்னார்களாம். ஆடு அறுத்தார்கள். யாம்னா ஒரு தட்டு இறைச்சி கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். என் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சம். அவள் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடட்டும், அதில் எனக்கு என்ன பொறாமை? பொறாமைதான். ஏன் பொய் எழுதணும்.

பிப்ரவரி 2, திங்கள்

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது! பஞ்சத்தில் அணையோடு சேர்ந்து அதுவும் செத்துப்போயிருந்தது. முதலில் காற்று, பிறகு துருத் தண்ணீர், பிறகு தெளிந்து கொட்டியது. தெரு முழுக்கக் கூத்து. யாம்னா தலையில் ஊற்றிக்கொண்டு, என் மேலும் ஒரு கை வாரி அடித்தாள்.

"இனிமே ஊத்துக்குக் கழுத ஓட்டுற வேலையில்ல தூடாக்கா!"

என் கன்னத்தில் அந்தத் தண்ணீர் வழிந்தபோதுதான் உறைத்தது. இது எங்கிருந்து வருகிறது? அணையிலிருந்து. அணைக்குள் யார் இருக்கிறான்?

ஓடிப்போய் முகத்தைத் துடைத்தேன். தோல் எரியத் துடைத்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஊற்றிலிருந்துதான் கொண்டுவருகிறேன். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும். தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்காதவர்கள் பாவப்படுகிறார்கள், அது அதைவிட மோசம். இமாமிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பெரிய தண்ணி எதனாலயும் அசுத்தம் ஆகாது தாயி. மார்க்கத்துல தெளிவா இருக்கு."

"எம் மகன் அசுத்தம்னு யாரு சொன்னா இமாம்?"

பெருமூச்சு விட்டுப் போனார்.

பாஸூ இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வயலுக்குப் போகும்போது தன் புட்டியைத் தானே நிரப்பிக்கொண்டு போகிறார். குழாய் முற்றத்திலேயே இருக்கிறது. எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ? கேட்கவில்லை. அன்று சேற்றில் பேசியதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு உப்பு, ரொட்டி, விறகு, அவ்வளவுதான்.

பிப்ரவரி 21, சனி

நோன்பு தொடங்கி மூன்றாம் நாள். ஊற்றுக்குப் போகும் பாதை இரவு மழையில் சரிந்து பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டது. பாதை இருந்த இடத்தில் ஆகாயம்தான் இருக்கிறது. வீட்டில் ஒன்றரைக் குடம் மிச்சம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

குடத்தின் அடி தெரிகிறது. ஹரீரா சூப்புக்கு இன்று ஊற்றியது கடைசி.

நோன்பு துறக்கப் பாங்கு சொன்னார்கள். ரொட்டி, பேரீச்சை, சூப் எல்லாம் வைத்துவிட்டேன். பாஸூவைக் காணோம். நோன்பு தொடங்கியதிலிருந்தே இப்படித்தான், பாங்கு சொன்னதும் கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்துதான் உட்காருவார். ஒதுங்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன். சூப் ஆறுகிறதே என்று எரிச்சலோடு போய்ப் பார்த்தேன்.

ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால், கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாய். மேலே சாக்கு போட்டு மூடியிருக்கிறது. பாஸூ தகர டப்பாவில் மொண்டு குடித்துக்கொண்டிருந்தார். வயலுக்குக் கொண்டுபோகும் புட்டி பக்கத்தில், அதிலும் இந்தத் தண்ணீர்தான். என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனம் செய்த பையன் மாதிரி டப்பாவைப் பின்னால் மறைத்தார்.

"நீங்களும் கொழாய்த் தண்ணி குடிக்கலையா?"

"எப்படிக் குடிப்பேன்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஊத்துக்குப் போயிட்டு வந்துக்கிட்டு இருந்த. அந்த நடையாச்சும் ஒனக்கு இருக்கட்டும்னு…"

இந்த மனுஷன் நெஞ்சில் பார்லி மூட்டை என்று எழுதியவள் நான். டப்பாவை வாங்கிக் குடித்தேன். தகரமும் புகையுமாக ஒரு ருசி. சூப் ஆறிப்போய்தான் குடித்தோம்.

மார்ச் 3, செவ்வாய்

மழை பெய்யட்டும் என்று இன்று கேட்டேன். என் வாயால்! பீப்பாய் நிறையணுமே.

மார்ச் 16, திங்கள்

நோன்பின் இருபத்தேழாம் இரவுக்கு ஊரே மேலே மையவாடிக்குப் போயிற்று, அத்திப்பழமும் ரொட்டியுமாக. மேலே இப்போது மண் மெத்தென்று இருக்கிறதாம். ஒரு பிள்ளைகூட மண்வெட்டி போடலாமாம். யாரோ சொன்னார்கள், என் காதில் விழுந்தது.

நாங்கள் தண்ணீர்க் கரைக்குப் போனோம். எந்தப் பக்கம் பார்த்து ஓதுவது என்று தெரியவில்லை. பாஸூ ஒரு பக்கம் காட்டினார், நான் வேறு பக்கம் நினைத்தேன். எங்கும் தண்ணீர், எங்கும் ஒரே மாதிரி. கல்லறையில் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அதையும் செய்யவில்லை. அத்திப்பழத்தைக் கரையில் விளையாடிய பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

மார்ச் 29, ஞாயிறு

பெருநாள் போய் ஒரு வாரம். மழை இல்லை. வானம் கழுவித் துடைத்த தட்டுப் போல. யாருக்கும் கவலையில்லை, பயிர் இடுப்பளவு நிற்கிறது. இப்படி ஒரு பார்லியை யெத்திர் பார்த்திருந்தால் பட்டணத்துக்கே போயிருக்க மாட்டான்.

ஊற்றுப் பாதையை யாரும் சரிசெய்யவில்லை, எல்லாருக்கும்தான் குழாய் இருக்கிறதே. பீப்பாயில் தண்ணீர் பாதிக்குக் கீழே போய்விட்டது. கைப்பிடி அளவாக மொள்ளுகிறோம். சமையலுக்கு மோர் ஊற்றிச் சமாளிக்கிறேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பீப்பாயில் புழு. துணியில் வடிகட்டினேன். பாஸூ கண்ணை மூடிக்கொண்டு குடித்தார், ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். மேகத்தைத் தேடி இரண்டு பேரும் வாசலில் நிற்கிறோம். ஊரில் வேறு யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் பாஸூ பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக அவர் உதடு வெடித்திருக்கிறது.

கெண்டியை எடுத்துக்கொண்டு அவரே குழாயடிக்குப் போனார். திருகத் தொட்டவர், கையை எடுத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய் என் கையை அவர் கைமேல் வைத்தேன். சேர்ந்துதான் திறந்தோம். தெளிவான தண்ணீர். சத்தமே இல்லாமல் வந்தது.

அடுப்பு மூட்டினேன். புதினா பறித்துவந்து போட்டேன். சர்க்கரையை யெத்திருக்குப் பிடித்த மாதிரி அதிகமாகவே போட்டேன். அவனுக்குத் தேநீர் பாகு மாதிரி இருக்கணும்.

பாஸூ முதல் வாய் விழுங்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் குடித்தேன்.